மேக்னம் ரிவால்வர்: .357, .44, .500 மூன்றில் எது கைக்கு இதம்?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பிள்ளையோ மருமகனோ அமெரிக்காவில் இருக்கிற வீடுகள் நிறைய. பேரன் பேத்தியைப் பார்க்கப் போகிறவர்களை, அதுவும் டெக்சஸ் பக்கம் போகிறவர்களை, ஒரு வார இறுதியிலாவது துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கே கண்ணாடி மேஜைக்குள் வாடகை ரிவால்வர்கள் வரிசையாக இருக்கும். கண் நேராகப் பெரியதன் மேல் போய் விழும். வந்ததே வந்தோம், இதைச் சுட்டுப் பார்த்துவிடலாமே என்று தோன்றும்.

சுட்டுப் பார்க்கலாம், சந்தோஷமான அனுபவம்தான். ஆனால் எதை முதலில் எடுக்கிறோம் என்பதில்தான் சந்தோஷமும் வேதனையும் பிரிகின்றன. மேக்னம் என்றால் மருந்து கூட்டிய, வீரியம் கூடிய தோட்டா; .357, .44 என்கிற எண் ஏறக்குறைய அங்குலத்தில் குண்டின் குறுக்களவு. அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. துப்பாக்கியின் எடை, பிடியின் வடிவம், உள்ளே போடும் தோட்டா எவ்வளவு வீரியமானது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் துப்பாக்கி பழகியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் இரட்டைக்குழல் 12 போர்தான். பழைய வீடுகள் சிலவற்றில் இன்னமும் லைசென்ஸோடு இருக்கிறது. தேர்தல் தேதி அறிவித்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வைப்பார்கள், தேர்தல் முடிந்ததும் போய் வாங்கி வருவார்கள். எங்கள் அம்மான் வீட்டிலும் ஒன்று உண்டு. நான் ஹூஸ்டன் போய் வந்த கதையைச் சொன்னபோது அவர் கேட்டது இதுதான்: "பன்னெண்டு போர் உதைக்கிறதைவிடவா தம்பி, கையில பிடிக்கிற துப்பாக்கி உதைச்சிறப் போகுது?"

நல்ல கேள்வி. பௌதிகக் கணக்குப் போட்டுப் பார்த்தால், மூன்று கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள 12 போரில் 28 கிராம் ரவைத் தோட்டா சுட்டால் பின்னுதை சுமார் 27 ஜூல். ஒன்றேகால் கிலோ .44 மேக்னம் ரிவால்வரில் முழு வீரியத் தோட்டாவும் கிட்டத்தட்ட அதே அளவு உதைக்கும். ஆனால் 12 போரின் உதையை வாங்குவது தோளும் முழு உடம்பும். ரிவால்வரின் உதை முழுக்க இரண்டு உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் இறங்குகிறது. போதாததற்கு, குழல் கைக்கு மேலே இருப்பதால் துப்பாக்கி பின்னால் வருவதோடு மேலேயும் எகிறும். அம்மானிடம் இதைச் சொன்னதும் சிறிது நேரம் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

இங்கே லைசென்ஸில் வாங்கக்கூடிய ரிவால்வர் என்றால் கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்யும் .32 தான் பரவலானது. 2014-இல் வந்த ‘நிர்பீக்’ அந்த ரகம், எடை அரை கிலோவை ஒட்டி. அந்தத் தோட்டா பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, சாதுவானது. விளையாட்டாகப் பழகுகிறவர்கள் மதுரை, திருச்சி ரைபிள் கிளப்புகளுக்குப் போகிறார்கள். அங்கேயும் காற்றுத் துப்பாக்கியும் .22-ம்தான். சர்வதேச 25 மீட்டர் சென்டர்ஃபயர் பிஸ்டல் போட்டி விதிகளே மேக்னம் தோட்டாக்களை அனுமதிப்பதில்லை. அதனால் நம்மில் பலருக்கு மேக்னம் அறிமுகமாவது வெளிநாட்டு ரேஞ்சில்தான், ஏற்கெனவே பழகிய கை இல்லாமல்.

.357 மேக்னம்

1935-இல் அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனி ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்தது. அதற்கு முன்பே போலீஸ்காரர்கள் பயன்படுத்திவந்த .38 ஸ்பெஷல் தோட்டாவின் கூட்டைச் சுமார் 3 மில்லிமீட்டர் நீட்டி, உள்ளே மருந்தைக் கூட்டினார்கள். பழைய .38 ரிவால்வருக்குள் தவறிப்போய்க்கூட இந்தத் தோட்டா முழுசாக நுழையக்கூடாது என்பதற்காகத்தான் அந்த நீளம். மாறாக, .357 ரிவால்வருக்குள் .38 தாராளமாகப் போகும்.

கற்றுக்கொள்கிறவருக்கு இந்த ஒரு வசதியே பெரிய வரம். ஒரே துப்பாக்கி, ஒரே பிடி, ஒரே விசை (ட்ரிக்கர்). முதலில் .38 போட்டுச் சுடலாம். உதை மூன்று நான்கு ஜூல்தான், பயமே வராது. கை பழகியதும் .357 போடலாம். உதை 12 ஜூலுக்கு ஏறும், ஆனால் கைக்கு அந்தத் துப்பாக்கி ஏற்கெனவே தெரிந்ததாகிவிட்டிருக்கும். ஹூஸ்டனில் என் அயித்தான் எனக்கு இப்படித்தான் பழக்கினார். "தம்பி, அஞ்சு குண்டும் ஒரே இடத்துல விழட்டும், அப்புறம் பெரிசைப் போடுவோம்" என்று சொல்லி .38-லேயே வெகுநேரம் நிறுத்திவைத்தார். அது எவ்வளவு சரி என்பது .357-ஐச் சுட்டபோது தெரிந்தது.

இதெல்லாம் ரூகர் ஜிபி100, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686 போல ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள, நான்கு முதல் ஆறு அங்குலக் குழல் கொண்ட ரிவால்வர்களுக்குப் பொருந்தும். இதே .357-ஐச் சட்டைப்பையில் அடங்குகிற துப்பாக்கியிலும் விற்கிறார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 340பிடி சுமார் 340 கிராம்தான், ஸ்காண்டியம் கலந்த உலோகம். தூக்கினால் பொம்மை மாதிரி இருக்கும், சுட்டால் கதை வேறு. தோட்டாவின் வேகம் மாறாதபோது துப்பாக்கியின் எடை பாதியானால் உதையின் ஆற்றல் இரண்டு மடங்காகும். இங்கே எடை மூன்றில் ஒரு பங்கு. குட்டைக் குழலில் குண்டின் வேகம் கொஞ்சம் குறைவதைக் கழித்தாலும், கைக்கு வரும் உதை ஒரு முழு அளவு .44-ஐ எட்டிவிடுகிறது. அதுவும் இரண்டு விரல் பிடிக்கிற அளவுப் பிடியில். சின்னதுதானே என்று புதியவர் கையில் முதலில் இதைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வலியால் கை கூசிப்போனால் அதற்குப் பிறகு எந்தத் துப்பாக்கியைச் சுட்டாலும் விசையை அழுத்தும் முன்பே கண் மூடும், குழல் கீழே தாழும்.

.44 மேக்னம்

எனக்கு மனம் போனது இதன் மேல்தான்.

ஐடஹோவில் மாடு மேய்த்துப் பண்ணை பார்த்துவந்த எல்மர் கீத் என்பவர் இதன் பின்னால் இருக்கிறார். பழைய .45 ரிவால்வரில் மருந்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார், சிலிண்டர் (தோட்டாக்கள் நிரப்பும் சுழல் உருளை) வெடித்தது. .44 ஸ்பெஷலில் குண்டு சற்று மெலிது, அதனால் சிலிண்டர் அறைகளுக்கு நடுவே இரும்புச் சுவர் தடிமனாக இருக்கும் என்பதைக் கவனித்து அதற்கு மாறினார். பல வருஷம் தானே தோட்டா நிரப்பிச் சுட்டு, கம்பெனிகளை நச்சரித்தார். 1955 கடைசியில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கியும் ரெமிங்டன் தோட்டாவும் சேர்த்து .44 மேக்னத்தைக் கொண்டுவந்தார்கள். அந்தத் துப்பாக்கிதான் பிற்பாடு மாடல் 29 என்று பெயர் பெற்றது.

குண்டு 240 கிரெய்ன், அதாவது பதினைந்தரை கிராம். .357-இன் குண்டைவிட ஒன்றரை மடங்கு. உதை .357-ஐப் போல இரண்டு மடங்கு. ஆனால் கையில் உணர்வது வெறும் இரண்டு மடங்கு வலி அல்ல. கனமான ரிவால்வரில் .357 ‘சுளீர்’ என்று அறையும், .44 ‘தொம்’ என்று தள்ளும். அந்தத் தள்ளல் தோள் வரைக்கும் வந்து கரைகிறது. சரியாகப் பிடித்திருந்தால் துப்பாக்கி நெற்றி உயரத்துக்கு எழுந்து தானாக இறங்கிவரும். அடுத்த குறிக்கு நிதானமாகத் தயாராகலாம். இந்த நிதானம்தான் இதன் சுகம்.

பிடியில்தான் இங்கே பெரிய போட்டி. ரூகரின் சூப்பர் பிளாக்ஹாக் 1959-இலிருந்து இருக்கிறது. பழைய கௌபாய் பாணி, ஒவ்வொரு முறையும் பின்பக்கக் குதிரையை (ஹேமர்) கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்தால்தான் சுடும். இதன் வளைந்த பிடி உதைக்கும்போது உள்ளங்கைக்குள் உருளும். உதையின் ஒரு பங்கு அந்த உருளலில் செலவாகிவிடும். சிலருக்கு அது இதம். சிலருக்கு விசைக் கூட்டின் பின்விளிம்பு நடுவிரல் கணுவில் போய் இடிக்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பாணியில் பிடியின் மேல்பக்கம் ஒரு திமில் உண்டு. அது உருளவிடாது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையில் நேராக முட்டும். ரப்பர் பிடி போட்டிருந்தால் பரவாயில்லை, கோடு செதுக்கிய மரப்பிடி என்றால் தோல் சிவந்துவிடும். எனக்கு ரப்பர் பிடி போட்ட, ஆறு அங்குலக் குழல் உள்ள ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 629 ஒத்துவந்தது. மெல்லிய கை உள்ளவர்கள் ரூகரையும் வாங்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். ரூகரின் சூப்பர் ரெட்ஹாக் இன்னும் கனம், ஏழரை அங்குலக் குழலோடு ஒன்றரை கிலோ. உதை அதில் இன்னும் சாந்தம், ஆனால் கையை நீட்டிப் பிடித்து நிற்பதே ஒரு வேலை.

இதிலும் .44 ஸ்பெஷல் போட்டுச் சுடலாம் என்பதை மறக்க வேண்டாம். கவுன்டரில் கேட்டால் இருக்கிறதா என்று சொல்வார்கள். கனத்த .44 ரிவால்வரில் ஸ்பெஷல் சுடுவதைப் போல இனிமையான துப்பாக்கி அனுபவம் வேறு எனக்குக் கிடைக்கவில்லை. முக்கால் கிலோகூட வராத 329பிடி என்ற .44 ஒன்றும் உண்டு. கரடி நடமாடும் காட்டில் நடப்பவர்களுக்கு அது தேவைப்படலாம். சுகத்துக்காகச் சுடுகிறவர்களுக்கு அதில் எதுவும் இல்லை.

.500

2003-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 500, ஐந்து தோட்டா, எட்டரை அங்குலத்தை ஒட்டிய குழல், எடை இரண்டு கிலோ. குழல் முனையில் வாயுவை மேல்நோக்கித் திருப்பிவிடும் துளைகள் உண்டு. அவ்வளவு இருந்தும் கணக்குப்படி உதை 65, 70 ஜூலுக்குப் போகிறது. கையில் வைத்துச் சுடும் ஒன்றுக்கு இது மிக அதிகம்.

சமாளிக்க முடியுமா? ஒரு குண்டு, இரண்டு குண்டு முடியும். வளர்ந்த ஆள், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், ஆனால் காயமே வராது என்று உறுதி சொல்ல முடியாது. ரசிக்க முடியுமா என்றால், சுட்டேன் என்ற திருப்தி உண்டு. குறியில் எங்கே பட்டது என்று பார்க்கிற ஆர்வம் அந்த நேரத்தில் யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு தோட்டாவுக்கு இரண்டு மூன்று டாலர் வேறு.

ஒரு ஆபத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உதை வந்ததும் கை தன்னையறியாமல் இறுகும், அப்போது விரல் மறுபடியும் விசையை அழுத்திவிடும். இரண்டாவது குண்டு கிளம்பும்போது குழல் வானத்தைப் பார்த்தோ, சுடுபவரின் முகத்தைப் பார்த்தோ இருக்கலாம். இப்படி விபத்துகள் நடந்திருக்கின்றன. அதனால் முதல் தடவை சிலிண்டரில் ஒரே ஒரு தோட்டாதான் போட வேண்டும். .44-க்கும் இதையே கடைப்பிடிப்பது நல்லது. உடன் வந்தவர் ஐந்தும் நிரப்பிக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

.41 மேக்னம் (1964), .454 கசூல் இரண்டும் நடுவில் இருக்கின்றன. .41 நல்ல தோட்டாதான், ஆனால் வாடகைக்கு அரிது. .454 கனமான துப்பாக்கியில்கூடக் கூர்மையாக உதைக்கும், அந்தத் துப்பாக்கியில் .45 கோல்ட் தோட்டா போட்டுச் சுடுவது நல்ல வழி.

பிடிப்பது, காது, கை

பிடியின் உச்சியில், இடைவெளி இல்லாமல் உயரப் பிடிக்க வேண்டும். முழங்கை லேசாக மடங்கியிருக்கட்டும், விறைத்துப் பூட்டினால் உதை தோள் மூட்டில் போய் முட்டும். உடம்பு கொஞ்சம் முன்னால் சாயட்டும். பிஸ்டல் பழகியவர்கள் கட்டைவிரலை முன்னோக்கி நீட்டுவார்கள், ரிவால்வரில் அது கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் கொதிக்கும் வாயு பக்கவாட்டில் பீறிடும். .500-இல் அது விரலையே பதம் பார்க்கும்.

சத்தம் 160 டெசிபலை ஒட்டியது. 140-ஐத் தாண்டிய வெடிச்சத்தம் ஒரே தடவையில்கூடக் காதைக் கெடுக்கலாம். உள்ளே ஃபோம் காதடைப்பான் (வெறும் பஞ்சு போதாது), மேலே மூடி, இரண்டும் வேண்டும். மூடிய கூடத்தில் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும் என்பதால், முடிந்தால் திறந்தவெளி ரேஞ்சுக்குப் போங்கள். பாதிப் பயம் உதையால் அல்ல, சத்தத்தால்தான் வருகிறது.

சுட்ட கையில் ஈயம் ஒட்டியிருக்கும். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள், அதனால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவாமல் எதையும் தொடக்கூடாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் உடுப்பையும் மாற்றிவிட்டுத் தூக்குங்கள்.

சட்டம் பற்றியும் ஒன்று. விசிட்டர் விசா, எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. இருக்கிற விதிவிலக்குகளில் நமக்கு எளிதானது, ஏதாவது ஓர் அமெரிக்க மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். நானும் அதை வாங்கிக்கொண்டுதான் போனேன். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஊருக்குத் திரும்பும் முன் பேன்ட் பை, ஜாக்கெட், கேமரா பை எல்லாவற்றையும் உதறிப் பாருங்கள். சுடாத தோட்டா ஒன்று சிக்கினாலும் சென்னை, திருச்சி விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தில் வழக்குப் போடுவார்கள். ஞாபகத்துக்கு என்று காலிக் கூட்டைக்கூட எடுத்துவர வேண்டாம். குண்டு துளைத்த குறித்தாளைச் சுருட்டி எடுத்து வரலாம், அதற்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை.