ஒரு அறிவித்தலைப் படமாக்க யாழ்ப்பாணத்தில் அலைந்தது

பெரியம்மாவின் அந்தியேட்டி (செத்து ஒரு மாதமளவில் செய்யும் கிரியை) அறிவித்தல் ஒரே ஒரு பக்கம்தான். அண்ணர் கனடாவில், ஸ்காபரோவில் இருந்து வேர்டில், ஆங்கில எழுத்துகளைத் தமிழாகக் காட்டும் பழைய எழுத்துருவான பாமினியில் அடித்து அனுப்பியிருந்தார். அதைப் படமாக்கிச் சொந்தக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்காக ஒரு பகல் முழுக்க வெயிலில் அலைந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

வேர்ட் ஃபைலை அப்படியே அனுப்பினால் என்ன என்று கனடாவில் பிறந்த பிள்ளைகள் கேட்கிறார்கள். பாமினி இல்லாத போனில் திறந்தால் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கும். ஜேர்மனியில் இருக்கிற மாமி அதை வைத்து என்ன செய்வா? படம் என்றால் எந்தப் போனிலும் உள்ளபடி திறக்கும்.

ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். பாமினி இருந்தது, அதில் குறையில்லை. பெடியன் பக்கம் முழுவதும் திரையில் அடங்கும்வரை சுருக்கினான், பிரின்ட் ஸ்கிரீனை அமத்தினான், பெயின்டில் ஒட்டி, ஓரம் வெட்டி, ஜேபெக் படமாகச் சேமித்தான். “சரி அண்ணை.” 768 பிக்சல் உயரமுள்ள திரையில் ஒரு ஏ4 பக்கத்தை அடக்கினால் எழுத்துக்கு என்ன மிஞ்சும்? போனில் பெருப்பித்துப் பார்த்தேன். குற்றுகள் எல்லாம் கரைந்து ‘அன்னாரின்’ என்பது ‘அனனாரின’ ஆகிவிட்டது. பெரியம்மாவின் பெயரைச் சுற்றிச் சாம்பல் நிற அழுக்கு. காட்டினேன். “போனில வாசிக்கலாம்தானே” என்றான். அடுத்த கடையிலும் அதே வேலை, அதே பதில், காசு மட்டும் கூட.

இந்த ஊரில் ஈய எழுத்துக் கோத்த காலத்தில், நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தால் முதலில் புரூஃப் வரும். வீட்டுக்காரர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் இயந்திரம் ஓடும். செத்தவரின் பெயரில் ஒரு குற்று விழுந்துபோனாலும் அச்சகக்காரருக்கு அது மானப் பிரச்சினை. ஸ்காபரோவில் நூலகத்துக்குப் போய் என் வேலையை நானே செய்துகொள்வேன். அங்கே என் எழுத்தை இன்னொருவர் பார்க்கவேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதே இல்லை. ஊரில் எதிர்பார்க்கிறேன்.

கடைசியில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், கம்பஸ் பக்கம் ஒரு சின்னக் கடை. அங்கே இருந்த பிள்ளை முதலில் கேட்டது, “இது வட்ஸ்அப்புக்கோ, பிரேம் போடவோ அண்ணா?” வேர்டை நேராகப் படமாக்காமல் முதலில் பிடிஎஃப் ஆக்கினா. பிறகு அதை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், பிஎன்ஜி படமாக எடுத்தா. 2480க்கு 3508 பிக்சல். ஜேபெக் எழுத்தின் ஓரத்தை மங்கடிக்குமாம், எழுத்துக்குப் பிஎன்ஜிதான் நல்லதாம். அதோடு விடவில்லை. திரையில் பெருப்பித்து வரிவரியாக வாசித்தா. கிரியை நடக்கும் திகதியில் வந்து நின்று, சுவர்க் கலண்டரைத் திரும்பிப் பார்த்தா.

“வெள்ளி எண்டு கிடக்கு. அண்டைக்கு வியாழன் எல்லோ?”

வியாழன்தான். படமாகிவிட்டால் பிறகு ஒரு எழுத்தைக்கூட உள்ளே தொடமுடியாது. லண்டனிலும் பாரிஸிலும் ஆட்கள் பார்த்துவிட்ட படத்தைத் திருப்பிக் கூப்பிடவும் முடியாது. வேர்டுக்குத் திரும்பிப் போய்த் திருத்தி, மறுபடி பிடிஎஃப், மறுபடி படம். முகத்தில் ஒரு சலிப்பில்லை. கையில் தரும்போது இன்னொன்றும் சொன்னா: “படம் எண்டு அனுப்பினால் வட்ஸ்அப் திரும்பவும் சுருக்கிப்போடும். டொக்கியுமென்ட் எண்டு குடுத்து அனுப்புங்கோ.” காசு வாங்கிய மற்ற இரண்டு கடைக்காரருக்கும் இது தெரியாத வித்தையா? பார்க்க மனமில்லை, வேறொன்றுமில்லை.

31ஆம் நாளுக்கு அடிக்கவேண்டிய கல்வெட்டையும், அதாவது பெரியம்மாவின் நினைவுப் புத்தகத்தையும், அந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிட்டேன். பெரியம்மாவின் பழைய படங்கள் வட்ஸ்அப்பில் வந்தவையோ என்று கேட்டா. ஓம் என்றேன். அவை அச்சுக்குச் சரிவராதாம், வீட்டு அல்பத்தைக் கொண்டுவரட்டாம், தானே ஸ்கான் பண்ணித் தருவாவாம்.