காரைக்குடியில் மூத்தோர் குடியிருப்பு: சில வருடம் வாழ்ந்து பார்த்த பிறகு

காரைக்குடிக்கு வெளியே உள்ள ஒரு மூத்தோர் குடியிருப்பில் நானும் என் கணவரும் சில வருடங்களாக இருக்கிறோம். சிறிய வீடு, பொதுச் சாப்பாட்டுக்கூடம், இரவும் பகலும் ஒரு நர்ஸ், மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் என்று எல்லா ஊரிலும் உள்ள ஏற்பாடுதான். சேரும்போது கொடுத்த பிரௌச்சரில் நீச்சல் குளமும் மினி தியேட்டரும் பளபளவென்று இருந்தன. குளத்தில் பேரப்பிள்ளைகள்தான் லீவுக்கு வந்து குதிக்கிறார்கள். எங்களை இங்கே சந்தோஷமாக வைத்திருக்கும் விஷயங்கள் அந்தப் பிரௌச்சரில் ஒரு வரிகூட இல்லை. சேரலாமா என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொரு முறையும் போனில் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் எல்லாரும் கேட்பது, "பள்ளத்தூரில் அவ்வளவு பெரிய வீடு இருக்கே, அங்கே போய் இருந்தா என்ன?" என்பதுதான். முகப்பு, வளவு (நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் அறைகள்), இரண்டாங்கட்டு என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. பங்காளிகள் பல பேருக்குப் பங்கு உண்டு. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் நிரம்பும், மற்ற நாளில் பூட்டியிருக்கும். ஏறி இறங்க உயரமான நிலைப்படிகள், கழிப்பறை கடைசிக் கட்டில். மழை பெய்தால் வளவு நனைந்து தரை வழுக்கும். எழுபதைத் தாண்டியவர்கள் நடு இரவில் எழுந்து அவ்வளவு தூரம் நடப்பது ஆபத்து. ஆசை இருந்தாலும் அங்கே இருவர் மட்டும் இருக்க முடியாது.

ஆனால் அந்த வீட்டைக் கட்டியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. எங்கள் பக்கம் மகனுக்குக் கல்யாணமானால் கொஞ்ச நாளில் 'வேறு வைத்து' விடுவார்கள். வளவில் அவனுக்கு ஓர் அறை, அவர்களுக்கென்று தனி அடுப்பு. கூரை ஒன்று, உலை வேறு. ஒருவர் காசில் ஒருவர் தலையிடுவதில்லை, ஆனால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் எதிர் அறைக்குத் தெரியும். வயதான காலத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. மகன் வீட்டில் ஒண்டியிருப்பதும் வேண்டாம், தனி வீட்டில் பூட்டிக்கொண்டு கிடப்பதும் வேண்டாம். எந்தக் குடியிருப்பைப் பார்க்கப் போனாலும், இந்த வளவு மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். கதவைச் சாத்தினால் நம் வீடு, திறந்தால் நாலு முகம்.

சாப்பாடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இங்கே பாதிச் சண்டை அதில்தான் வந்தது. முதலில் வெளி ஒப்பந்தக்காரர் சமைத்தார். எல்லா நாளும் ஒரே சாம்பார், அதுவும் உப்பில்லாமல். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்காக என்றார்கள். உப்பைக் குறைப்பது சரி, ருசியையும் சேர்த்துக் குறைக்க வேண்டியதில்லையே! பல பேர் தட்டில் பாதியை மிச்சம் வைத்தார்கள், எடை இறங்கியது. வயதானவர்களுக்குச் சாப்பாடு குறைந்தால் சதை கரையும், சதை கரைந்தால் நடை தள்ளாடும். அப்புறம் குடியிருப்பவர்களே ஒரு சமையல் குழு அமைத்தோம். சமையல்கட்டில் வேலை பார்க்கும் பெண்களோடு ஆச்சிமார் நாலு பேர் முறை வைத்து நின்றார்கள். இப்போது உப்புக்குப் பதில் மிளகும் சீரகமும் பூண்டும் பேசுகின்றன. ஆடியில் உளுந்தும் கருப்பட்டியும் சேர்த்துக் கும்மாயம் கிண்டுகிறோம். விசேஷ நாளில் கவுனி அரிசியும் வெள்ளைப் பணியாரமும் உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கும்மாயம் ஒரு கரண்டி மட்டும்தான், அதைக் கண்காணிப்பதும் ஆச்சிமார்தான்.

எங்கள் வரிசையில் எண்பத்தைந்தைத் தாண்டிய ஒரு பெரிய ஆச்சி இருக்கிறார். வந்த புதிதில் அவர் யாரோடும் பேசமாட்டார். யோகாவுக்குக் கூப்பிட்டார்கள், பஜனைக்குக் கூப்பிட்டார்கள், தலையை ஆட்டிவிட்டு அறைக்குள் போய்விடுவார். மறதி நோயோ என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் வரவேற்பறையில் வேலை செய்யும் பெண், தன் தங்கை கல்யாணத்துக்குத் தாம்பூலம் வைக்கப் பனையோலைக் கொட்டான் எங்கே வாங்கலாம் என்று என்னிடம் விசாரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய ஆச்சி, "ஏத்தா வாங்கணும்? ஓலை கொண்டா, காட்டித் தர்றேன்" என்றார்.

குருத்தோலையை எப்படிக் காயவைப்பது, சாயத்தில் எவ்வளவு நேரம் கொதிக்கவிடுவது, எந்த அகலத்தில் கிழிப்பது, முடையும்போது ஏன் ஈரம் காயக்கூடாது என்று மடமடவென்று சொல்லத் தொடங்கினார். கை நடுங்குவதால் நுணுக்கமான விளிம்பு வேலையை இப்போது அவரால் செய்ய முடியாது. அதனால் அவர் சொல்ல, இந்தப் பெண்கள் முடைகிறார்கள். தப்பாகப் போட்டால் பிரிக்கச் சொல்லிவிடுவார். அந்தக் கல்யாணத்துக்குக் கொட்டான் போனது, அடுத்தடுத்து மற்ற வீடுகளிலிருந்தும் கேட்டார்கள். மருந்தெதுவும் மாறாமல் அவருடைய தூக்கமும் பசியும் சீரானதை நர்ஸே சொல்லி ஆச்சரியப்பட்டார். அவரை யாரும் எதற்கும் கேட்காமல் இருந்ததுதான் வியாதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எனக்கும் அப்படி ஒரு வேலை அமைந்தது. நான் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும், எண்பது முடிந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். இப்போது கைப்பேசியில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிட முடிகிறது. அந்த மாதங்களில் சாப்பாட்டுக்கூடத்து மூலை மேசையில் உட்கார்ந்துகொள்வேன், ஒவ்வொருவராக வருவார்கள். கைப்பேசி ஒத்துழைக்காவிட்டால் தபால்காரரை வரவழைப்போம், 70 ரூபாய்க் கட்டணத்தில் வீட்டுக்கே வந்து முடித்துத் தருகிறார். அப்படியே பணக்கணக்கும் பேசுவோம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், ஆனால் வட்டி மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். பராமரிப்புக் கட்டணமோ மாதாமாதம் கட்ட வேண்டும். அதனால் ஒரு பகுதியை அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் வையுங்கள் என்று சொல்வேன், அதில் தனிக் கணக்குக்கு 9 லட்சமும் கூட்டுக் கணக்குக்கு 15 லட்சமும் உச்சவரம்பு.

குறைகளும் உண்டு. பிசியோதெரபிஸ்ட் தினமும் வருவார் என்றார்கள், வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறார். ஆனால் அந்தப் பிள்ளை கெட்டிக்காரன். 65 வயதுக்கு மேல் நடைப்பயிற்சி மட்டும் போதாது, உடல் நிலைதடுமாறாமல் இருக்கிற பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்யச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது என்று விளக்கி, நாற்காலியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்கப் பழக்கிவிட்டான். அவன் வராத நாட்களில் நாங்களே செய்துகொள்கிறோம். கட்டண உயர்வுதான் பெரிய தலைவலி. எத்தனை வருடத்துக்கு ஒரு முறை, எவ்வளவு வரை உயர்த்தலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள். இருவரில் ஒருவர் போய்விட்டால் கட்டணம் எப்படிக் குறையும், வீட்டை விற்றால் நிர்வாகம் எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். பெரிய சிகிச்சை என்றால் மதுரைக்கோ திருச்சிக்கோதான் போக வேண்டும், இரண்டுமே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் நின்றால் மட்டும் போதாது, இரவில் டிரைவர் அங்கேயே தூங்குகிறாரா என்று விசாரியுங்கள்.

சாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் யாராவது இறந்தால் மற்றவர்கள் மனம் சங்கடப்படும் என்று இரவோடு இரவாகப் பின்வாசல் வழியே கொண்டுபோனார்கள். நேற்று வரை எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவர் இன்று இல்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதுதான் கொடுமை. எல்லாருமாகப் போய் நிர்வாகத்திடம் பேசினோம். இப்போது முன்வாசலில் வைத்துப் பதிகம் பாடி அனுப்புகிறோம்.

பங்குனியில் கம்பன் விழாவுக்கு வேன் ஏற்பாடு செய்வார்கள், பிள்ளையார்பட்டிக்கு அடிக்கடி போகிறோம். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது பிள்ளையார் நோன்புதான். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாள் கழித்து, சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில் இழை எடுத்துக்கொள்வோம், அதாவது இனிப்பு மாவில் நூல்திரி வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். அதைப் பெரியவர்கள் கையால் வாங்க வேண்டும். முன்பு அவரவர் வீட்டில் தனியாகச் செய்தோம், இப்போது பொதுக்கூடத்தில் செய்கிறோம். வீட்டில் பெரியவர்கள் இல்லாத இளம் குடும்பங்கள் டவுனிலிருந்து குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகின்றன. எங்கள் பெரிய ஆச்சி கையால் இழை வாங்க வரிசை நிற்கும்.

பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களில்தான் வருகிறார்கள். குளிர்ந்த காற்றில் எந்த இடமும் நன்றாகத்தான் இருக்கும். சித்திரையில் வாருங்கள், இந்த ஊர் வெயில் என்னவென்று தெரியும். கரண்டு போனால் ஜெனரேட்டர் வீடு வரைக்கும் ஓடுகிறதா, லிஃப்டுக்கு மட்டுமா என்பதும் தெரியும். ஒரு வாரமாவது தங்கி மூன்று வேளையும் கூடத்தில் சாப்பிடுங்கள். விருந்தினர் அறைக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் மாசி-பங்குனித் திருவிழா சமயத்தில் மட்டும் கேட்காதீர்கள், அப்போது எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் வந்திருப்பார்கள், ஓர் அறைகூட கிடைக்காது.