மோலெக்ஸ் ட்ரைஃபர்கான் டெர்மினல்: கருகிப்போன பின்பால் கனெக்டருக்கு நான் நம்பும் ஒரே மருந்து

எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் இருப்பது பாலி கம்பெனி 1977இல் சிகாகோவில் தயாரித்த எய்ட் பால் என்ற பின்பால் மெஷின், அதாவது உலோகக் குண்டை அடித்து ஆடும் விளையாட்டு மெஷின். 20,000க்கு மேல் செய்யப்பட்ட மாடல் என்பதால் அமெரிக்காவில் தேடினால் இன்றும் கிடைக்கும். வாங்கி வந்து திறந்து பார்த்தபோது ரெக்டிஃபையர் போர்டு (ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் போர்டு) கனெக்டரின் வெள்ளை பிளாஸ்டிக் இரண்டு மூன்று இடங்களில் கருப்பாகி, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. போதாததற்கு யாரோ முன்பு ஒரு வயரை நேராக போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகப் பின்னிலேயே ஈயம் வைத்து ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்தால்தான் ட்ரைஃபர்கான் டெர்மினலின், அதாவது வயர் நுனியில் மாட்டிப் பின்னைக் கவ்வும் இந்த உலோக முனையின், அருமை புரியும். ஆட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும், மெஷின் ஆனில் இருக்கும் வரை எரிந்துகொண்டே இருக்கும் அலங்கார விளக்குகள் எல்லாம் 6.3 வோல்ட் ஏசியில் ஓடுபவை. 44ஆம் நம்பர் பல்பு ஒன்று கால் ஆம்பியர் இழுக்கும், அப்படி 40 பல்பு எரிந்தால் 10 ஆம்பியர், அத்தனையும் ஒரு சில பின்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். வருடக்கணக்கில் சூடு ஏற ஏற டெர்மினலின் ஸ்பிரிங் தளர்ந்துவிடும், பிடி தளர்ந்தால் லூஸ் கான்டாக்ட், அங்கே ரெசிஸ்டன்ஸ் கூடி இன்னும் சூடு, அந்தச் சூட்டில் ஸ்பிரிங் இன்னும் தளரும். கடைசியில் விளக்கு மங்கும், அப்புறம் பிளாஸ்டிக் கருகும்.

முதல் முறை நான் செய்தது தப்பு. பெயர் போடாத மலிவு டெர்மினல் பாக்கெட் ஒன்றை ஆன்லைனில் வாங்கி, வயர் பக்கத்தை மட்டும் மாற்றி, போர்டில் இருந்த பழைய பின்களைக் கொஞ்சம் தேய்த்துச் சுத்தம் செய்து விட்டுவிட்டேன். நாலே மாதத்தில் புது ஹவுசிங்கும் (டெர்மினல்கள் உட்காரும் பிளாஸ்டிக் கூடு) பழுப்பாகிவிட்டது.

இரண்டாவது முறைதான் ட்ரைஃபர்கான் வாங்கினேன். சாதாரண டெர்மினல் பின்னை ஒரு பக்கமாகத்தான் தொட்டுக்கொண்டிருக்கும், இது மூன்று இடத்தில் பிடிக்கிறது. தொடும் இடம் கூடினால் ஒவ்வொரு இடத்திலும் சூடு குறைகிறது. பாஸ்பர் வெண்கலத்தில் செய்தது வாங்குங்கள், சூட்டில் பித்தளையைப் போலச் சீக்கிரம் தளராது. 3.96 மில்லிமீட்டர், அதாவது 0.156 இன்ச் இடைவெளி உள்ள ஹவுசிங்கில்தான் இது உட்காரும். போர்டில் இருக்கும் பின் வெள்ளீயம் பூசியது என்றால் டெர்மினலும் வெள்ளீயமே இருக்கட்டும், தங்கப் பூச்சோடு கலக்க வேண்டாம். விலை சாதாரணத்தைவிடக் கூடத்தான், ஆனால் ஒரு கனெக்டருக்குக் கணக்குப் பார்த்தால் சில்லறைக் காசு.

வேலைக்கு முன் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இந்த மெஷின்களில் டிஸ்ப்ளேவுக்கு 190 வோல்ட் வரை போகிறது, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்கவும் நேரம் கொடுங்கள். எந்த நிற வயர் எந்த ஓட்டையில் என்று போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு வயரை மாற்றினேன். கருகிய இடத்துக்குப் பக்கத்தில் வயரின் செம்பு கருத்துப்போயிருக்கும். பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும், நீளம் பற்றவில்லை என்றால் அதே தடிமனில் புது வயர் சேர்க்க வேண்டும். அப்புறம் கிரிம்ப், அதாவது டெர்மினலின் காதுகளை வயரின் மேல் மடக்கி நசுக்குவது. முன்னால் உள்ள காது வெறும் செம்பைக் கவ்வ வேண்டும், பின்னால் உள்ள காது இன்சுலேஷனைக் கவ்வ வேண்டும். சாதாரணக் குறட்டால் நசுக்கினால் இது வரவே வராது, இப்படிக் காது திறந்திருக்கும் ஓபன் பேரல் டெர்மினலுக்கு என்றே விற்கும் கிரிம்பிங் டூல் வாங்கத்தான் வேண்டும். முதல் பத்து டெர்மினலைப் பழைய வயரில் பழகிப் பார்த்து வீணாக்கினேன், அது வீணில்லை.

முக்கியமாக, போர்டில் உள்ள பின்களையும் மாற்றுங்கள். சூட்டில் அவற்றின் பூச்சு போயிருக்கும், அடியில் ஈயமும் மோதிரம் போல் வெடித்திருக்கும். புது டெர்மினலைப் பழைய பின்னில் மாட்டினால் என் முதல் முயற்சியின் கதைதான். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுக்கும்போது அவசரப்பட்டால் போர்டின் செம்புத் தடம் உரிந்து வந்துவிடும், இதுதான் எனக்குக் கை நடுங்கிய இடம்.

எல்லாம் முடித்துப் போட்ட அன்று விளக்குகள் எரிந்த வெளிச்சம் இன்னும் கண்ணில் நிற்கிறது, இத்தனை நாளும் மங்கலையே இயல்பு என்று நினைத்திருந்தேன். இரண்டு வருடம் ஆகிறது, வாரம் இரண்டு மூன்று நாள் ஆடுகிறோம். போன மாதம் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அணைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். கூடவே பல்புகளையும் 47ஆம் நம்பருக்கு மாற்றினேன், அது 0.15 ஆம்பியர்தான் இழுக்கும்.

ஒரே குறை, பிடி மிக இறுக்கம். பின் அதிகமுள்ள கனெக்டரைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல், ஒரு கையால் போர்டைத் தாங்கிக்கொண்டு ஹவுசிங்கை இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.