குட்டியோடு தொங்கும் ஸ்பைடர் செடி வாங்குமுன் இலையை விலக்கி அடியைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நர்சரிக்குப் போய் ஸ்பைடர் செடி வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயர் வேண்டாம், வித்தை தெரிந்தால் எந்தக் கடையிலும் உதவும்.

அப்பச்சியின் அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையோடு ஒரு சின்னச் செடியும் கொடுக்கலாம் என்று வீட்டில் பேச்சு. அதற்கு ஸ்பைடர் செடிதான் தோது. தாய்ச் செடி நீளமாகத் தண்டு விடும், அதில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ பூக்கும், அப்புறம் அதே தண்டில் குட்டிச் செடிகள் முளைத்துத் தொங்கும், அவற்றை வெட்டி நட்டால் ஆயிற்று. கடையில் சாதாரணச் செடி 80 ரூபாய், குட்டி தொங்குகிற செடி 550 ரூபாய். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டதற்கு, "ஆச்சி, இது குட்டி போடுற ரகம், அது போடாது" என்றார் கடைக்காரர். சுத்தப் பொய். இலையின் நடுவில் வெள்ளைக் கோடு உள்ளதோ, ஓரத்தில் உள்ளதோ, இலை சுருண்டு நிற்கிறதோ, எந்த ரகமானாலும் முதிர்ந்தால் குட்டி போடும்.

குட்டி தொங்குகிற செடியிலேயே இரண்டு எடுத்தோம். அதோடு விட்டாரா? வேர் பரவினால்தான் குட்டி வரும் என்று பெரிய தொட்டி இரண்டு, வாராவாரம் ஊற்ற ஒரு பாட்டில் 'டானிக்', போதாததற்கு ஊதா வெளிச்சம் தருகிற ஒரு லைட்டு, அதை ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் எரியவிட வேண்டுமாம். எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம். சுவரில் 'நாசா அங்கீகாரம் பெற்ற செடி' என்று ஒரு போர்டு வேறு. நாசா 1980களில் மூடிய பெட்டிக்குள் சில செடிகளை வைத்துக் காற்றைச் சோதித்தது உண்மை, அதற்காக எந்தச் செடிக்கும் முத்திரை குத்திக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே தாய்ச் செடி பச்சையாக நிற்க, குட்டிகள் மட்டும் தொங்கியபடியே வதங்க ஆரம்பித்தன. தண்டும் அடியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. இலைகளை விலக்கிப் பார்த்தால், பூங்கொத்துக் கட்டுகிற பச்சைக் கம்பி! வேறு ஏதோ பெரிய செடியிலிருந்து வெட்டிய தண்டை மண்ணில் செருகி, இந்தச் செடியின் அடியோடு கம்பியால் சுற்றி, மேலே தேங்காய் நார்த்தூளைப் போட்டு மூடியிருக்கிறார்கள். செடியைத் தூக்கினால் வேர் தொட்டியில் கால்பங்குகூட இல்லை, அதுவே நேற்று நட்ட பிள்ளை. 80 ரூபாய்ச் செடிக்கு நகை போட்டு 550க்கு விற்றிருக்கிறார், அவ்வளவுதான்.

கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "தண்டு கனம் தாங்காதுல்ல ஆச்சி, அதான் சப்போர்ட்டுக்குக் கட்டுறது" என்றார். வெட்டி எடுத்த தண்டுக்கு என்னய்யா சப்போர்ட்டு என்றால், உயிருள்ள பொருள், திருப்பி எடுக்க முடியாது, தண்ணி ஊற்றினதுல உங்க பக்கம் ஏதோ கோளாறு என்று பேச்சு மாறிவிட்டது. பில் கேட்டால் காலண்டர் தாளின் பின்னால் கிறுக்கிக் கொடுத்தார், அதில் கடைப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

சரி, பணம் போனதுகூடப் பரவாயில்லை. கூடவே விற்ற மூன்றும் குட்டி வராமல் தடுக்கிற சாமான்கள், அதுதான் ஆத்திரம். இந்தச் செடி நாள் நீளத்தைப் பார்க்கிறது. ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கும் குறைவான வெளிச்சம், அதுவும் விடாமல் மூன்று வாரமாவது கிடைத்தால் நன்றாகத் தண்டு விடும். மார்கழியில் நம் ஊரில் பகல் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம்தான், ராத்திரி லைட்டு விழாத முற்றத்து ஓரம் ஒன்று இருந்தால் போதும், வேலை தானாக நடக்கும். அந்த நேரம் பார்த்து நடுராத்திரி வரை லைட்டைப் போட்டால் அது எப்படித் தண்டு விடும்? பகலில் நேர் வெயில் வேண்டாம், நல்ல வெளிச்சம் மட்டும் வேண்டும்.

தொட்டி விஷயமும் தலைகீழ். இதன் வேர் கிழங்கு மாதிரி தடித்துத் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், சிறிய தொட்டியில் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும்போதுதான் குட்டி போடுகிற புத்தி வரும். பெரிய தொட்டியில் மண் ஈரம் காயாமல் வேர் அழுகுவதுதான் மிச்சம். உரம் அதிகமானால் இலை தழைக்கும், தண்டு வராது. அந்த டானிக் பாட்டிலைத் திறந்தாலே மூக்கில் ஏறுகிற அமோனியா நெடி, மேலே நைட்ரஜன் எத்தனை சதவீதம் என்று ஒரு வரிகூடக் கிடையாது. எங்கள் அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) வீட்டில் கைப்பிடி உடைந்த பழைய வாளியில் இதே செடி கிடக்கிறது, உரத்தின் முகத்தையே பார்த்ததில்லை, குட்டிகள் தரையைத் தொடுகின்றன. கல்யாணத்துக்கு வேண்டியது கடைசியில் அங்கிருந்துதான் வந்தது, காசு கொடுக்காமல்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் தண்டு எங்கிருந்து கிளம்புகிறது என்று விரலை விட்டுப் பாருங்கள். செடியின் நடுவில், இலைகளுக்கு இடையிலிருந்து வர வேண்டும், லேசாக இழுத்தால் செடியே சேர்ந்து அசைய வேண்டும். தண்டு மண்ணுக்குள் போனால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தேதி போட்ட பில் கட்டாயம் கேளுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறைகேடான வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், நானும் சொல்லியிருக்கிறேன், கம்பியோடு எடுத்த போட்டோ கையில் இருக்கிறது.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் குட்டிகளைத் தூக்கி எறிய வேண்டாம். வாடி முடிவதற்குள் தண்டிலிருந்து வெட்டி எடுத்து, அடியில் சின்ன வேர் முண்டு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அந்த அடி மட்டும் நனைகிற மாதிரி ஒரு டம்ளர் தண்ணீரில் வையுங்கள், வேர் ஓர் அங்குலம் நீண்டதும் சின்னத் தொட்டிக்கு மாற்றிவிடலாம். குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனி கருகும், பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இருந்தால் அதை ஊற்றுங்கள்.