ஆமை முட்டை: மணலிலேயே விடுவதா, பொரிப்பகத்துக்கு மாற்றுவதா?

கடலாமை முட்டையிட்டுப் போன பிறகு இரண்டு வழி உண்டு. முட்டைகளை அங்கேயே விடலாம். இல்லை, எடுத்துப்போய் வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைக்கலாம்.

முடிந்தவரை அங்கேயே விடுவதுதான் நல்லது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. சுமார் 29 டிகிரிக்கு மேலே போனால் பெண் குஞ்சுகள் கூடும், கீழே இறங்கினால் ஆண் குஞ்சுகள். தாய் தோண்டிய குழியின் ஆழமும் ஈரமும் நாம் தோண்டும் குழியில் அப்படியே அமைவதில்லை. அப்புறம், இட்ட சில மணி நேரத்திலேயே கரு ஓட்டின் உள்பக்கம் ஒட்டத் தொடங்கிவிடும். அதன்பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடலாம்.

நாய் தோண்டும், ஆட்கள் திருடும், அலை ஏறும் கரை என்றால் பொரிப்பகம்தான் சரி. அப்படிப்பட்ட கரையில் விட்டால் குழியிலுள்ள நூறு முட்டையும் ஒரே இரவில் போய்விடும்.

ஆனால் பொரிந்த குஞ்சுகளை வாளியில் மணிக்கணக்கில் வைத்திருந்து, கூட்டம் சேர்ந்ததும் விடுவதை என்னால் ஏற்கவே முடியாது. முதல் சில மணி நேரத் துடிப்புதான் அவற்றை ஆழ்கடலுக்குக் கொண்டுபோகிறது. வெளிவந்த இரவே, தாமாக ஊர்ந்து அவை கடலைச் சேர வேண்டும்.