பலூன் வால்வா, தானே விரியும் வால்வா: செட்டிநாட்டு முதியவர்களுக்காக ஓர் ஒப்பீடு

இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாயிலில் உள்ள மகாதமனி வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகிப்போனால், அதை நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியே மாற்றும் சிகிச்சையை மருத்துவர்கள் டாவி என்று அழைக்கிறார்கள். 2002ஆம் ஆண்டு பிரான்சின் ரூவான் நகரில் அலேன் கிரிபியே முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்த இந்தச் சிகிச்சைக்காகக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் இன்று மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ பெரியவர்களை அழைத்துச் செல்கின்றன. போகிறவர்கள் முதலில் விசாரிப்பது எந்தக் கம்பெனி வால்வு, என்ன விலை என்பதைத்தான். எந்த வகை வால்வு எந்தச் சிக்கலைக் கூடுதலாகக் கொண்டுவரும், அதைத் தாங்கும் நிலையில் அந்த உடலும் வீடும் இருக்கின்றனவா என்று விசாரிப்பதே பயன் தரும் என்பது என் கருத்து.

சேப்பியன், மைவால் போன்றவை பலூனை ஊதி விரிக்கப்படுபவை. எவலூட் போன்றவை நிட்டினால் என்னும் உலோகக் கலவையின் கம்பிச் சட்டத்தால் ஆனவை. உறையை விலக்கியதும் தாமாகவே விரிபவை. பலூன் வால்வு விரிந்தபின் அதைத் திரும்ப எடுக்க முடியாது. வால்வு அமரும் வளையத்தை ஒட்டிக் கனத்த சுண்ணாம்புக் கட்டி இருக்கும்போது அளவு மீறிய வால்வை ஊதினால் வளையமே கிழியக்கூடும். இது அரிதென்றாலும் பல நேரங்களில் உயிரைப் பறிப்பது. எவலூட்டை முழுதாக விடுவிக்கும் முன்பு வரை உறைக்குள் இழுத்து இடம் மாற்றி வைக்கலாம். ஆனால் அதன் சட்டம் உயரமானது என்பதால், பின்னாளில் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைக்க நேர்ந்தால் குழாயின் வாயை எட்டுவது சிரமமாகலாம்.

வளையம் சிறிதாக உள்ளவர்களுக்கு, குறிப்பாக மெலிந்த உடல்வாகுடைய ஆச்சிமார்களுக்கு, தானே விரியும் வால்வுக்கு ஒரு சாதகம் உண்டு. 2024இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில், ஓராண்டு முடிவில் வால்வின் செயல்பாட்டில் குறை தென்பட்டவர்கள் இவ்வகையில் 9.4 சதவீதம், பலூன் வகையில் 41.6 சதவீதம். எனினும் மரணம், ஊனமாக்கும் பக்கவாதம், இதயச் செயலிழப்புக்காக மீண்டும் மருத்துவமனையில் சேர்தல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம் ஊர்ப்பக்கம் அதிகம் யோசிக்க வேண்டியது, துடிப்பைச் சீராக வைக்க உடலுக்குள் பொருத்தும் பேஸ்மேக்கர் விஷயம். இதயத் துடிப்புக்கான மின்பாதை வால்வு வளையத்தை ஒட்டியே ஓடுகிறது. புது வால்வு சற்று ஆழமாக இறங்கிவிட்டால் அந்த மின்பாதை நசுங்கும். 2019இல் வெளியான இரு ஆய்வுகளில், 30 நாட்களுக்குள் பேஸ்மேக்கர் தேவைப்பட்டவர்கள் பலூன் வகையில் 6.5 சதவீதமும் தானே விரியும் வகையில் 17.4 சதவீதமும் ஆவர். இவை தனித்தனி ஆய்வுகள். அதன் பின்னர் வால்வை மேலாக நிறுத்தும் நுட்பத்தால் இரண்டாவது எண்ணிக்கை குறைந்தும் வந்துள்ளது. கவலை எண்ணிக்கையோடு நிற்பதில்லை. இதய மின்பாதையில் தடை சில சமயம் வீடு திரும்பிய பிறகும் வரும். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, பள்ளத்தூரிலோ கண்டனூரிலோ பெரிய வீட்டில் ஐயாவும் ஆச்சியும் தனியாக இருக்கிறார்கள் என்றால், பின்கட்டில் மயங்கி விழுந்தவரை யார் பார்ப்பது, மதுரைக்கு யார் கொண்டுபோவது? ஈசிஜியில் ஏற்கெனவே வலது பக்க மின்கிளையில் தடை உள்ளவருக்கு இந்த ஆபத்து அதிகம். அத்தகையவருக்கு, மற்ற அளவுகள் இடம் கொடுத்தால், நான் பலூன் வால்வின் பக்கமே சாய்வேன். எதுவாயினும் ஈசிஜி சீராகும்வரை டிஸ்சார்ஜுக்கு அவசரப்படுத்தக் கூடாது.

குஜராத்தின் வாபியில் உள்ள மெரில் நிறுவனத்தின் மைவால், 768 பேரிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில் மற்ற வால்வுகளுக்குக் குறைந்ததல்ல என்று நிறுவப்பட்டது. 23, 26 மி.மீ. அளவுகளுக்கு நடுவே 24.5 போன்ற இடை அளவுகளிலும் அது கிடைப்பதால், சிடி ஸ்கேனில் இரண்டு அளவுகளுக்கு நடுவே வளையம் அமைந்தவருக்குப் பொருத்தமான வால்வைத் தேர்வது எளிது. அளவு சிறுத்தால் வால்வின் ஓரத்தில் ரத்தம் கசியும். பெருத்தால் வளையத்துக்கும் மின்பாதைக்கும் கேடு. ஆகவே அந்த ஸ்கேனை அளந்து பார்ப்பவரின் அனுபவம், வால்வின் பெயரைவிட முக்கியமானது.

சிகிச்சையின்போது உதிரும் துகள்களைப் பிடிக்க, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களில் வடிகட்டி வைப்பது பற்றிக் கேட்டால், 2022இல் 3,000 பேரிடமும் 2025இல் 7,600க்கும் மேற்பட்டோரிடமும் செய்த ஆய்வுகள் இரண்டும் ஒட்டுமொத்தப் பக்கவாதத்தை அது குறைத்ததாகக் காட்டவில்லை. எல்லோருக்கும் அதற்கெனத் தனிச் செலவு வேண்டியதில்லை.

வால்வைச் செலுத்தத் தொடைத் தமனியில் இட்ட துளையை மூடும் முறையில், அதை அடைக்கும் அடைப்பானைவிடத் தையல் கருவி முந்துகிறது. பெரிய உறைக்குழாய் நுழையும் முன்பே இரண்டு தையல்களைப் போட்டு நூலை வெளியே விட்டுவைத்து, முடிவில் இழுத்து முடிச்சைத் தமனிச் சுவர்வரை தள்ளி இறுக்குகிறார்கள். 2022இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், துளையிட்ட இடத்துச் சிக்கல்கள் தையலில் 12.0 சதவீதம், அடைப்பானில் 19.4 சதவீதம்.

சிகிச்சைக்குப் பின் ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரையில் தயக்கத்துக்கு இடமில்லை. 2020ஆம் ஆண்டின் பாப்புலர் டாவி ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 15.1 சதவீதத்தினருக்கும், அதே நோக்கத்துக்கான குளோபிடோகிரலையும் சேர்த்து எடுத்தவர்களில் 26.6 சதவீதத்தினருக்கும் ரத்தப்போக்கு நேர்ந்தது. அண்மையில் ஸ்டென்ட் வைத்தவருக்குக் கணக்கு வேறு. ஒழுங்கற்ற இதயத்துடிப்புக்காக ரத்த உறைவெதிர்ப்பு மருந்து எடுப்பவருக்கும் அப்படியே. இவை எதுவும் இல்லாதவரின் டிஸ்சார்ஜ் சீட்டில் ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சேர்ந்து இருந்தால், காரணத்தையும் எத்தனை நாளைக்கு என்பதையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஊருக்குக் கிளம்ப வேண்டும்.