மார்பகத்தைக் காப்பதா, முழுவதும் அகற்றுவதா?

பயாப்ஸி (திசுப் பரிசோதனை) அறிக்கையில் மார்பகப் புற்றுநோய் என்று வந்ததும், "முழுவதையும் எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று பல பெண்கள் உடனே சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஆரம்ப நிலை நோயில் இரண்டு வழிகள் திறந்திருக்கும்போது, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

முதல் வழியில் கட்டியையும் அதைச் சுற்றிய கொஞ்சம் நல்ல திசுவையும் மட்டும் எடுத்துவிட்டு, மீதி மார்பகத்துக்குக் கதிர்வீச்சு தருகிறார்கள். இரண்டாவது வழி, மார்பகத்தை முழுவதும் அகற்றும் மாஸ்டெக்டமி. அமெரிக்காவில் அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியின் மிலான் நகரில் அறுவை மருத்துவர் உம்பெர்டோ வெரோனேசியும் 1970களில் தொடங்கிய ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002இல் வெளியாயின. எந்த வழியில் போனாலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பில் வேறுபாடு இல்லை என்பதை இரண்டுமே காட்டின. ஃபிஷரின் ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு பெறாதவர்களில் 100க்கு 39 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது; கதிர்வீச்சு பெற்றவர்களில் அது 14 பேர். மருந்துகள் முன்னேறியிருக்கும் இக்காலத்தில் இந்த எண்கள் வெகுவாகக் குறைந்துள்ளன என்றாலும், முதல் வழியில் கதிர்வீச்சுதான் சிகிச்சையின் மறுபாதி என்பது மாறவில்லை.

முன்பு ஐந்து வாரம் நீண்ட கதிர்வீச்சு இப்போது பலருக்கு மூன்று வாரத்திலும், தகுதியுள்ள சிலருக்கு ஒரே வாரத்திலும் முடிகிறது. எடுத்த திசுவின் ஓரத்தில் புற்றுச் செல்கள் தென்பட்டால் மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பது இவ்வழியின் குறை. மாஸ்டெக்டமியில் கதிர்வீச்சைத் தவிர்க்கலாம் என்று நம்பி அதைத் தேர்ந்தெடுப்பவர்கள், கட்டி பெரிதாகவோ அக்குள் நிணநீர் முடிச்சுகளில் பரவியோ இருந்தால் அதற்குப் பிறகும் கதிர்வீச்சு வரக்கூடும் என்பதை முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மார்பகத்தை மறுசீரமைத்தாலும் தொடு உணர்வு பெரும்பாலும் பழையபடி திரும்புவதில்லை. இரண்டும் சாத்தியம் என்றால் மார்பகத்தைக் காக்கும் வழியையே முதலில் பரிசீலிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆயினும் மார்புப் பகுதியில் முன்பே கதிர்வீச்சு பெற்றவர், மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர், மீண்டும் வருமோ என்ற அச்சத்தில் உறக்கம் இழப்பவர் ஆகியோர் மாஸ்டெக்டமியைத் தேர்ந்தெடுப்பதில் பிழையேதும் இல்லை.

முதலில் மருந்தா, அறுவையா என்பதில் நோயின் வகையே பெரும்பாலும் வழிகாட்டும். ஹெர்2 பாசிட்டிவ் (புற்றுச் செல்களில் ஹெர்2 என்ற புரதம் மிகுந்தது), டிரிபிள் நெகட்டிவ் (ஹார்மோன் ஏற்பிகள் இரண்டும் இல்லாமல், ஹெர்2 மிகுதியும் இல்லாதது) வகைகளில் கட்டி 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் மருந்தையே முதலில் தருகிறார்கள்; கட்டி சுருங்கும் விதம், அடுத்த மருந்தைத் தீர்மானிக்கவும் உதவுகிறது. ஹார்மோன் சார்ந்த சிறிய கட்டியில் அறுவை முதலில் வரும். அதன்பின் கீமோ தேவையா என்பதற்கு, கட்டியின் 21 மரபணுக்களை ஆராய்ந்து நோய் திரும்பும் வாய்ப்புக்கு மதிப்பெண் தரும் பரிசோதனை உண்டு: நிணநீர் முடிச்சில் பரவாத, 50 வயதைக் கடந்த பெண்களுக்கு மதிப்பெண் 11 முதல் 25 வரை இருந்தால் கீமோவால் கூடுதல் பயன் இல்லை என்பதை 2018இல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வு காட்டியது.

இத்தனை வழிகள் இருப்பதால்தான் நோயாளி வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது. 1974இல் தன் மார்பில் கட்டியைக் கண்ட அமெரிக்கப் பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர், மயக்கத்தில் இருக்கும்போதே பயாப்ஸி செய்து அப்படியே மார்பகத்தையும் அகற்றும் அன்றைய வழக்கத்துக்கு இணங்க மறுத்தார். பரிசோதனையும் அறுவையும் தனித்தனியே நடக்க வேண்டும் என்று தொடர்ந்து போராடினார். 1979இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு அதையே பரிந்துரைத்தது.

பயாப்ஸி அறிக்கையின் நகலைக் கையில் வாங்கி, ஈஆர், பிஆர் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 ஆகிய மூன்றின் முடிவையும் மருத்துவரை விளக்கச் சொல்லிக் கேளுங்கள். "நோய் திரும்பும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறையும்" என்றால், எதிலிருந்து எதற்குக் குறையும் என்று கேளுங்கள். 30லிருந்து 20 ஆவதும் 6லிருந்து 4 ஆவதும் அதே மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் பக்கவிளைவுகளைத் தாங்குவது தகுமா என்ற கணக்கு இரண்டிலும் வேறு. பெரும்பாலான ஆரம்ப நிலை நோயில் இரண்டாவது மருத்துவரின் கருத்தைப் பெறச் சில வாரங்கள் அவகாசம் உண்டு. திசு மாதிரியை வேறொரு நோய்க்குறியியல் நிபுணர் மீண்டும் பார்க்கவும் கோரலாம். இனிக் குழந்தை பெற விரும்பும் பெண், கருமுட்டையைச் சேமிப்பது பற்றிய கேள்வியை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. கீமோ கருமுட்டைகளைப் பாதிக்கக்கூடும் என்பதால், முதல் ஊசிக்கு முன்பே அதைக் கேட்டாக வேண்டும்.